அக்கி, மிளகாய், அம்மாவின் ரவிக்கை

போன மார்கழியில் எனக்கு அக்கி வந்தது. இடது பக்கம், மார்புக்குக் கீழே ஆரம்பித்து விலாவைச் சுற்றி முதுகுத்தண்டு வரைக்கும், பாதி பெல்ட் கட்டினதுபோல் கொப்புளங்கள். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன். ஆறாம் நாள் சேலையூரில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் போனதும், பார்த்த மாத்திரத்தில் அக்கி என்று சொல்லிவிட்டார். "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும் சார்" என்று வருத்தப்பட்டார். மூன்று வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து, பக்கு உதிர்ந்து, தோல் பழையபடி ஆகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

அது எப்படிப்பட்ட வலி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். பனியன் உரசினால் ஊசி குத்தும். அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்தால்கூடப் பரவாயில்லை, மெல்லத் தொட்டால் உயிர் போகும்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டியூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். கேப்சைசின் என்று இருந்தது. என் மனைவி பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, இது மிளகாயோட காரம்ங்க. எங்கிட்ட கேட்டிருந்தா அம்மியிலேயே அரைச்சுக் குடுத்திருப்பேனே."

எரிகிற இடத்தில் மிளகாயைத் தடவுவதா என்று எனக்குச் சந்தேகம். முதல் வாரம் அந்தச் சந்தேகம் சரிதான் என்று தோன்றியது. தடவிய கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் மறந்துபோய்க் கண்ணைத் தொட்டு, அரைமணி நேரம் குழாயடியில் நின்றேன். இரண்டாம் வாரம் எரிச்சல் குறைந்தது. மூன்றாம் வாரம் காற்று பட்டால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

வேலையில் இருந்தவரை ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். ஒரு சிக்னல் ஏன் விழுந்தது, ஏன் விழவில்லை என்று தேடிக்கொண்டே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். அந்தப் பழக்கம் விடவில்லை. மனைவியின் உதவியோடு இந்த மிளகாய் விவகாரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். இதற்குள் என் அம்மாவின் கதையும் ஒன்று இருக்கிறது, அது கடைசியில்.

முதலில் ஒன்று. மிளகாய் நம் ஊர்ச் சரக்கல்ல. அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோவையும் அதன் தெற்கே உள்ள நாடுகளையும் சேர்ந்தது. 1492இல் மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் அங்கே கண்டது இதைத்தான். போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவைப் பிடித்தார்கள். சில வருடங்களில் நம் சாந்தோமிலும் குடியேறினார்கள். அவர்கள் கப்பல் வழியாகத்தான் மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் ஊர்க் காரம் என்றால் மிளகு, திப்பிலி, சுக்கு, கடுகு இவைதான். இன்றைக்கும் சில வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான். ரசம், வறுவல், துவையல் எதிலும். ஐந்நூறு வருடம் ஆனாலும் முன்னோர்களுக்கு அது புதுச் சரக்குதான்.

பெயரைப் பாருங்கள். மிளகு போலக் காரமாக ஒரு காய், அதனால் மிளகாய். ஆங்கிலத்திலும் பெப்பர் என்றுதான் வைத்தார்கள். செடியைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மிளகு, வெற்றிலைக் கொடியின் பங்காளி. மிளகாய், கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் சொந்தம். தாவர நூல்படி அந்தப் பெயர் தப்பு. ஆனால் நாக்கு சொன்ன சாட்சி அது. அந்தச் சாட்சி எவ்வளவு சரி என்று பின்னால் தெரிய வரும்.

நம் பக்கத்துக் கதையில் மிளகாய்க்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. கம்பெனி ஆட்சியில் நிலவரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் பார்லிமெண்டில் 1854இல் பேச்சு எழுந்தது. அதையொட்டிச் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். 1855இல் அறிக்கை வந்தது. கிட்டி போட்டு விரல்களை நெரிப்பது, அண்ணாந்தாள் என்று தலையைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்துவது, கண்ணில் மிளகாய்த் தூளைப் போடுவது என்று அந்த அறிக்கை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. மிளகாய் பிறந்த மெக்சிகோவிலும் இதே கதைதான். 1540களில் அங்கே தயாரான மெண்டோசா சுவடியில், அடங்காத பையனை அப்பா மிளகாய்ப் புகைமேல் பிடிக்கிற மாதிரி ஒரு படம் இருக்கிறது. "வாயில மிளகாயைத் தேச்சிடுவேன்" என்று நம் அம்மாக்கள் மிரட்டியது நினைவுக்கு வருகிறதா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணில் மிளகாய் விழுந்தால் துடிக்கிறோமே தவிரக் கண் வெந்துபோவதில்லை. நெருப்பு சுட்டால் தோல் பொசுங்கும், ஆசிட் பட்டால் அரிக்கும். மிளகாய் அப்படி எதையும் பொசுக்காமலேயே வலியை மட்டும் உண்டாக்குகிறது. மேலே காயம் இல்லாமல் உள்ளே வலி. இது எப்படி என்று கேட்கத்தான் 19ஆம் நூற்றாண்டு வரை ஆள் இல்லை.

1876இல் ஜான் கிளஃப் திரெஷ் என்ற ஆங்கிலேயர் மிளகாயின் காரப் பொருளைப் பிரித்தெடுத்துக் கேப்சைசின் என்று பேர் வைத்தார். இரண்டு வருடம் கழித்து ஹங்கேரியில் எண்ட்ரே ஹோக்யெஷ் என்ற மருத்துவர், இந்தச் சாறு வேலை செய்வது உணர்வு நரம்புகளின்மேல்தான் என்று எழுதினார். ஹங்கேரிக்காரர்களுக்கு மிளகாய்மேல் தனிப் பிரியம். அவர்கள் பாப்ரிகா என்பதும் நம் மிளகாயின் குடும்பம்தான். செகெத் என்ற ஊர் அதற்குப் பேர் போனது. அந்த ஊர்ப் பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யை நிறையப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு வாங்கினார்.

அதே செகெத் பல்கலைக்கழகத்தில் மிக்லோஷ் யாஞ்சோ என்ற பேராசிரியரும் அவர் மனைவி ஆரேலியாவும் 1940களில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். எலிகளுக்குத் திரும்பத் திரும்பக் கேப்சைசின் கொடுத்தால் முதலில் துடிக்கின்றன. பிறகு துடிப்பது குறைகிறது. கடைசியில் மிளகாய் மட்டுமல்ல, எரிச்சலூட்டும் வேறு மருந்துகளைக் கண்ணில் விட்டாலும் அவை கண்டுகொள்வதில்லை. ஆனால் தொட்டால் தெரிகிறது. மரத்துப் போகவில்லை, எரிச்சல் உணர்வு மட்டும் அணைந்துவிட்டது. உடம்பில் வலிக்கென்றே தனி லைன் இருக்கிறது, அதை மட்டும் மிளகாய் தேடிப்பிடிக்கிறது என்பதற்கு இது பெரிய ஆதாரம். எனக்கு மூன்றாம் வாரம் நடந்ததும் இதுதான்.

அந்த லைன் எங்கே போகிறது? இங்கேதான் தண்டுவடம் வருகிறது. விரலில் முள் குத்தினால் சேதி நேராக மூளைக்குப் போவதில்லை. முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குப் போய், அங்கே வேறு நரம்புக்கு மாற வேண்டும். ஜங்ஷனில் வண்டி மாறுகிற மாதிரி. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு தடித்தது, வினாடிக்கு ஐம்பது மீட்டர் அளவில் ஓடும். எரிச்சலைக் கொண்டுபோகும் நரம்பு மெல்லியது, மேலுறை இல்லாதது, வினாடிக்கு ஒரு மீட்டர்தான். எக்ஸ்பிரசும் கூட்ஸும். கால் கட்டைவிரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் 'இடித்தது' என்று உடனே தெரிந்து, ஒரு வினாடி கழித்துத்தானே அந்த எரியும் வலி வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? கூட்ஸ் வண்டி வந்து சேர ஆகிற நேரம் அது.

இந்தக் கூட்ஸ் நரம்பு தண்டுவடத்தில் இறக்குகிற சரக்குகளில் ஒன்றின் பெயர் 'சப்ஸ்டன்ஸ் பி'. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு முதல் மின்சார ரயில் ஓடிய அதே 1931இல், லண்டனில் ஃபான் ஆய்லரும் கேட்டமும் குதிரைக் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் அதைக் கண்டெடுத்தார்கள். பவுடராக இருந்ததால் பி! 1978இல் ஜெசல், ஐவர்சன், குவெல்லோ என்ற மூவர், கேப்சைசின் கொடுத்த எலிகளின் தண்டுவடத்தில் அந்தச் சரக்கு வற்றிப்போயிருப்பதைக் காட்டினார்கள். மிளகாய் தோலில் நின்றுவிடும் சமாசாரம் இல்லை, அதன் கை தண்டுவடம் வரை நீளும் என்று நிரூபணமாயிற்று. மிளகாய்க் களிம்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அப்புறம் பல வருடம் இதையே காரணமாகச் சொன்னார்கள். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் மருந்துகள் மனிதர்களிடம் வலிக்கு எடுபடவில்லை. களிம்பு பட்ட இடத்தில் தோலுக்குள் இருக்கும் நரம்பு நுனிகளே கொஞ்ச காலம் ஓய்ந்து பின்வாங்கிவிடுகின்றன, பிறகு மெல்லத் திரும்ப வளர்கின்றன என்பதுதான் இன்றைய விளக்கம். அதனால்தான் களிம்பை நிறுத்தினால் வலி திரும்புகிறது.

இவ்வளவு தெரிந்தும், மிளகாய் நரம்பில் எதைத் தொடுகிறது என்பது மட்டும் பிடிபடாமலே இருந்தது. அதைப் பிடித்தவர் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ். அவரும் மைக்கேல் கேட்டரினாவும் மற்றவர்களும் எலியின் உணர்வு நரம்பு முடிச்சுகளிலிருந்து மரபணுக்களை எடுத்து, மிளகாயைக் கண்டுகொள்ளாத செல்களில் கொத்துக் கொத்தாகப் புகுத்தி, எது கேப்சைசினுக்குப் பதில் சொல்கிறது என்று சலித்தார்கள். ஒன்று சிக்கியது. 1997இல் வெளியிட்டார்கள். நரம்பின் சுவரில் இருக்கும் ஒரு வாசல் அது. கேப்சைசின் வந்து ஒட்டினால் வாசல் திறக்கும், வெளியிலிருக்கும் கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும், சேதி கிளம்பிவிடும். இன்று அதை டிஆர்பிவி1 என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மிளகாயே இல்லாமல் வெறும் சூடு 43 டிகிரியைத் தாண்டினாலும் அதே வாசல் திறக்கிறது. ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, தொடு உணர்வின் வாசலைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து.

நெருப்பு பட்டாலும் "எரியுது", மிளகாய் கடித்தாலும் "எரியுது" என்று ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வாசல்.

மிளகு? அதன் காரப் பொருள் பைப்பரின். 1819இல் அதைப் பிரித்தெடுத்தவர் ஊர்ஸ்டெட். மறு வருடம் மின்கம்பிப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டாரே, அதே ஊர்ஸ்டெட்தான். பைப்பரினும் இந்த வாசலைத்தான் திறக்கிறது என்று 2005இல் காட்டினார்கள். இஞ்சியின் காரமும் அதே வாசலில்தான் தட்டுகிறது. ஆக, செடியை வைத்துப் பார்த்தால் தப்பான பெயர், நரம்பை வைத்துப் பார்த்தால் சரியான பெயர். தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பத்து போட்டு அது எரிய எரிய வலி அடங்குமே, அதற்கும் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது, அங்கே யாராவது ஆராய்ந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எதிர்வீட்டில் ஒரு கிளி இருந்தது. நாங்கள் கொடுக்கும் பச்சை மிளகாயைக் காலால் பிடித்து நிதானமாகத் தின்னும். (இப்போது வீட்டில் கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) அதற்கு ஏன் காரம் தெரியவில்லை என்று அப்பாவைக் கேட்டதற்கு, "அது கிளிடா" என்று பதில் வந்தது. ஒரு விதத்தில் சரியான பதில்தான். பறவைகளின் நரம்பிலும் அந்த வாசல் உண்டு, சூட்டுக்குத் திறக்கும், ஆனால் கேப்சைசினுக்குத் திறக்காது. பறவை விதையை முழுசாக விழுங்கித் தூரத்தில் போடும், எலி கடித்து நொறுக்கிவிடும். யார் தின்ன வேண்டும் என்பதில் மிளகாய்ச் செடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

இப்போது அம்மா. 1978. நாங்கள் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. எனக்கு வந்த அதே இடத்தில் அக்கி வந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி பல்லாவரம் பக்கம் ஒரு குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்கி எழுதினோம். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் கோடு கோடாக எழுதுவார். குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள் அம்மா. மூன்று நாள் எழுதினதும் காய ஆரம்பித்தது. எல்லோரும் குயவரைப் புகழ்ந்தோம். தானாகக் காய்கிற நாளும் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

காய்ந்த பிறகும் அம்மா எரியுது எரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாதக் கணக்கில், அப்புறம் வருடக் கணக்கில். "என்னம்மா, புண்ணே இல்லையே, எங்கே எரியுது?" என்று கேட்போம். தோலைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. என் தங்கை, "அம்மாவுக்கு நம்ம கவனம் வேணும், அதான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஈரத் துண்டை விலாவில் வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அக்கி தோல் நோயே அல்ல. சிறுவயதில் சின்னம்மை வந்துபோனபின் அதே கிருமி, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. ஜூலியஸ் மரபணு எடுத்தாரே, அந்த மாதிரி முடிச்சுகள்தான். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் ஏதாவது ஒரு முடிச்சில் எழுந்து, அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பக்கமாக, பெல்ட் மாதிரி. கொப்புளம் ஆறலாம், அடிபட்ட நரம்பு ஆறாமல் போகலாம். அந்த நரம்பு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தால் தண்டுவடத்தில் இருக்கும் ஜங்ஷனே மாறிப்போகிறது. 1983இல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்பவர் இதை எலிகளில் காட்டினார். 1990ஐ ஒட்டிய வருடங்களில் மனிதர்களிடமே பார்த்தார்கள், அதுவும் மிளகாயை வைத்து. தொண்டர்களின் கைத்தோலுக்கு அடியில் துளி கேப்சைசினை ஊசியால் செலுத்தினார்கள். ஊசி போட்ட இடம் எரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மிளகாயே படாத சுற்றுப்புறத் தோலிலும், வெறும் பஞ்சால் வருடினால் வலித்தது. தொடுகையைக் கொண்டுபோகும் எக்ஸ்பிரஸ் வண்டியைத் தண்டுவடம் வலி லைனில் திருப்பிவிட்டது. பாயிண்ட் மாறிக் கிடந்தால் வண்டி தப்பான தடத்தில்தான் போகும், டிரைவர்மேல் குற்றம் இல்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயம். விலாவிலோ நெற்றியிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள், கண் பக்கம் என்றால் அன்றைக்கே. அக்கிக்குத் தடுப்பூசி இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். களிம்பையும் அவர் சொன்னால் மட்டும், புண் முழுக்க ஆறிய தோலில்தான் தடவ வேண்டும். அம்மியில் அரைத்துத் தடவுவது என் மனைவியின் கேலியோடு நிற்கட்டும். கையில் காரம் ஒட்டினால் முதலில் எண்ணெய் தடவித் துடையுங்கள், பிறகு சோப்பு. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். மிளகாய் நறுக்குமுன் கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பெண்களுக்கு இது புதிதல்ல.

அம்மா 1982இல் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தைய வருடம் என் தங்கை பெண்ணின் காதுகுத்துக்குக் கிளம்பும்போது, அம்மா ரவிக்கையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. நாலு பேர் வருகிற இடத்தில் இதென்ன கோலம் என்று நான் கத்தினேன். "தையல் உரசுதுடா" என்றாள். இருபது வருடமாக ரவிக்கை போடுகிறவளுக்குப் புதிதாக என்ன உரசல் என்றோ என்னவோ சொன்னேன், சரியாக நினைவில்லை. அம்மா உள்ளே போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். விசேஷம் முடிகிறவரை இடது கையை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜனவரியிலிருந்து நானும் பனியனை உள்வெளியாகத்தான் போட்டுக்கொள்கிறேன். மனைவி துவைத்து மடிக்கும்போதே திருப்பி மடித்து வைத்துவிடுகிறாள்.